முகத்தில் ஒளி இருந்ததா என்று கேட்டான்

என் ராபியாக்காவுக்கு,

சலாம். நீ இருக்கிற இடம் விசாலமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். அம்மாவும் உன் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. மகன் மேல் அவளுக்கு இருக்கும் பாசம் உனக்குத் தெரியும், பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவாள்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாய். நீ இல்லை, அதனால் செய்தேன்.

உன் மாடி ஹாலில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளும், பாரீஸ் மாப்பிள்ளை விசா அனுப்புவான் என்று காத்திருக்கும் பெண்களும் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தார்களே, "மதாம், மதாம்" என்று உன் உயிரை எடுத்தார்களே, அதே ஹாலில் அண்ணன் பெண்களுக்கு மார்க்க வகுப்பு தொடங்கினான். வாசலில் பச்சைப் பலகை, அதில் உன் பெயர். வருகிற பெண் சின்னவளோ பெரியவளோ, முகம் மூடித்தான் வர வேண்டும் என்று விதி. மூடத் துணி இல்லாதவர்களுக்கு அவனுடைய அபாயா கடையிலேயே கிடைக்கும். மறுமையும் வியாபாரமும் அண்ணனுக்கு என்றைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள்தான்.

மார்க்க வகுப்பு வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஞாயிறு காலையில் தெருப் பெண்களைக் கூட்டி வைத்து ஓதச் சொல்லிக்கொடுத்தவள் நீ. நானும் தலைத்துணி இல்லாமல் வாசலைத் தாண்டுகிறவள் இல்லை. என் கோபம் அவன் உன்னைப் பற்றிச் சொன்ன கதையின் மேல்தான். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன், அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பிரான்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் வேலை பார்க்க உனக்கு அழைப்பு வந்தது. எல்லாம் கூடி வந்த பிறகு, பள்ளிக்கூடத்துக்குள் தலைத்துணியைக் கழற்றிவிட வேண்டும், அங்கே அதுதான் சட்டம் என்றார்கள். நீ வரவில்லை என்று சொல்லிவிட்டாய். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தனியாகத் திரும்பி வந்திருந்த உனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணன் அப்போது தோஹாவில் இருந்தான். "என் தங்கச்சி பிரான்சையே வேணாம்னுட்டா" என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டானாம்.

அதே அண்ணன் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்தில் உன்னைப் பார்த்தான். நீ நீல ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாய். பின்னால் உன்னிடம் படிக்கிற பெண். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு போனீர்களாம். அன்று சாயங்காலமே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். "இனிமே முகத்த மூடிக்கினு போறதா இருந்தா வெளிய போ. இல்லன்னா என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றான்.

நீ சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். "அவங்க கழட்டுன்னாங்க. நீ மூடுன்ற. என் தல என்னாண்ணே, உங்க ரெண்டு பேரு கடையோட ஷட்டரா? ஆளுக்கு ஒருக்கா ஏத்தி எறக்கறதுக்கு?"

அதற்கப்புறம் அவன் உன்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் மன்னித்திருப்பேன். அம்மா மவுத்தானபோது செய்ததை மன்னிக்க மாட்டேன்.

இறந்த தாயைக் குளிப்பாட்டுவது மகள்களின் உரிமை. அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள், அங்கேயே போனாள். நீ ஓடி வந்தாய். குளிப்பாட்டும் அறை வாசலில் அவன் கையை நீட்டி மறித்தான். "முகத்தக் காட்டிக்கினு ஊர் சுத்தறவ கை எங்கம்மா மேல படக்கூடாது." எங்கம்மாவாம். உனக்கு அவள் யார்? உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திரும்பிப் பின்பக்கச் சந்துக்குப் போனாய்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் பின்கதவைத் திறந்தால், குழாயடியில் நீ நிற்கிறாய். வாளியை நிரப்பி என்னிடம் நீட்டினாய். அடுத்த வாளியை வைத்தாய். சூடம் கலந்த கடைசித் தண்ணீர் வரைக்கும் நீ பிடித்துக் கொடுத்ததுதான். அம்மா மேல் விழுந்த தண்ணீரில் உன் கை படாதது ஒரு சொட்டும் இல்லை. இது அண்ணனுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும், இப்போது தெரியும்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல உனக்குப் பிடிக்காது, "நம்ம விருந்தாளி" என்பாய். லாஸ்பேட்டையில் புது டியூஷன் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். மருந்து ஏற ஏற முடி கொட்டியது. நீ அசரவில்லை. அதன் பிறகு இமைமுடி போனது, புருவம் போனது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "முடிக்கு ஸ்கார்ஃப் இருக்குதுடி. புருவத்துக்கு என்னாடி பண்றது?" என்று கேட்டாய். பென்சிலால் வரைந்து பார்த்தாய். நம் ஊர்ப் புழுக்கத்தில் பென்சில் எங்கே நிற்கும்? வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "மதாம், உங்களுக்கு ஒரு புருவம் காணோம்" என்றது. நீ சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாய்.

மறுநாளே முகம் மூடும் நிகாப் வாங்கினோம். அண்ணன் கடைக்குப் போகாமல் வேறு கடையில். நெற்றியைத் தழைத்துக் கட்டி, கண்ணுக்கு மேலும் மெல்லிய துணி விழுகிற மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு நீ தெருவில் நடந்தாய், பார், அன்றிலிருந்து உனக்குக் கிடைத்த மரியாதையை என்னவென்று சொல்ல! உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் நின்று சலாம் சொன்னார்கள். ராபியாவுக்கு அல்லாஹ் நேர்வழி காட்டிவிட்டான் என்று வீடு வீடாகப் பேச்சு. உனக்கு அது தாங்கவில்லை. "அல்லாவுக்காகப் போடறவங்க போடறாங்க. அவங்களுக்கு அது அழகு. நான் புருவத்துக்காகப் போடறேன்டி. ஒவ்வொரு சலாமும் திருடி வாங்கன மாதிரி இருக்குது" என்றாய்.

அண்ணனும் வந்தான். பேரீச்சம்பழமும் தொழுகை விரிப்பும் கொண்டுவந்தான். உன் எதிரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நீ முகத்துணியைத் தூக்கவில்லை, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டாய். அம்மாவைக் குளிப்பாட்ட விடாததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவன் போன பிறகு, உண்மையைச் சொல்லி அவன் மூக்கை உடைத்திருக்கலாமே என்று நான் கத்தினேன். "அவன் அழுதான்டி, விடு" என்றாய். அப்படித்தான் நீ. நான் அப்படி இல்லை அக்கா.

"நான் இருக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத" என்று சத்தியம் வாங்கினாய். என் மகள் நஸ்ரினிடம்கூடச் சொல்லக்கூடாது என்றாய். பெரியம்மா பெரியம்மா என்று உன் முந்தானையிலேயே வளர்ந்தவளுக்கு உன்னை அப்படிப் பார்க்கும் தைரியம் இருக்காது என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ போன அன்று நானும் ஜுலைகா மாமியும் உன்னைக் குளிப்பாட்டினோம். தெருவில் எந்தப் பெண் மவுத்தானாலும் குளிப்பாட்டப் போகிறவர் அவர்தான். குளிப்பாட்டுகிறவள் உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது, நல்லதைக் கண்டால் சொல்லலாம். அது நம் வழக்கம். மாமி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கஃபன் துணியை உன் நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டார். கடைசியாக முகம் பார்க்க அண்ணன் வந்து நின்றபோது, "யாருக்கும் முகத்தக் காட்ட வேணாம்னு அக்கா சொல்லிருக்காங்க" என்றேன். உன் வார்த்தையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவன் என்ன புரிந்துகொண்டான் தெரியுமா? கூடப்பிறந்தவனுக்கே முகத்தை மறைத்துவிட்டுப் போன உத்தமி என்று புரிந்துகொண்டான். ஜனாஸா கிளம்புவதற்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது.

அந்தக் கதையை வைத்துத்தான் வகுப்பு. அந்தக் கதையை வைத்துத்தான் என் மகளையும் பிடித்தான்.

நஸ்ரின் லாஸ்பேட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இயற்பியல். அவளை அங்கே சேர்க்கச் சொல்லி என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டவள் நீ. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நான் காலேஜ நிறுத்திடலாம்னு இருக்கேம்மா" என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "பெரிம்மா அவ்ளோ படிச்சாங்க. கடைசில அவங்களே, நான் வாழ்ந்தது தப்புன்னு மூடிக்கினாங்க. மாமா எல்லாத்தயும் சொன்னாரு. அவங்களே தப்புன்னு வருத்தப்பட்டுப் போனத நான் எதுக்கும்மா திரும்பப் பண்ணணும்?"

அவள் முகம் மூட ஆரம்பித்திருந்தாள், அது அவள் இஷ்டம். ஆனால் நீ உன் வாழ்க்கையைப் பற்றி வெட்கப்பட்டுச் செத்தாய் என்று அந்தப் பெண் நம்புகிறாளே, அதை நான் எப்படிச் சகிப்பேன்? அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம் என்பாய். அறைக்குள் சொன்னால் அவளோடு முடிந்துவிடும். அண்ணன் ஊருக்குச் சொன்னான், நானும் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அதற்கான வழியை அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

திறப்பு விழாவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தான். "நீதான குளிப்பாட்டன. முகத்துல ஒளி இருந்திச்சா? இருந்திச்சின்னு பொம்பளைங்க பக்கம் ரெண்டு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா எல்லாருக்கும் மனசுல எறங்கும்." நான் சரி என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரைகூட அவனுக்குப் பிடித்த அளவு போட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கூட்டம். ஹாலின் குறுக்கே பச்சைத் திரை கட்டியிருந்தான். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். புழுக்கம் தாங்காமல் எங்கள் பக்கம் எல்லோரும் முகத்துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் மூடியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உன் கதையைச் சொல்லச் சொல்ல, திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் திரைக்கு அடியில் மைக்கை நீட்டினார்கள்.

"குளிப்பாட்டும்போது பாத்தத நான் சொல்ல மாட்டேன். அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. அக்கா உசுரோட இருக்கும்போது அவங்களே எனக்குக் காட்டனத சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "அக்காவுக்குப் புருவம் கிடையாது. கேன்சர் வந்து, மருந்து ஏத்தி, முடியெல்லாம் கொட்டிப்போச்சு. யாரும் பாவம்னு பாக்கக் கூடாதுன்னு முகத்த மூடனாங்க. திருந்தி மூடல. திருந்தறதுக்கு அவங்க எந்தத் தப்பும் பண்ணல."

"மைக்க நிறுத்து" என்று அண்ணன் குரல் கேட்டது. மைக் செத்துப்போனது. நிறுத்தட்டும், எனக்கு நம் அத்தாவின் உரத்த தொண்டை. எழுந்து நின்று பேசினேன். பெண்கள் எல்லோரும் நகர்ந்து நகர்ந்து என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். அம்மாவைக் குளிப்பாட்டிய அன்று வாசலில் கை நீட்டி மறித்ததைச் சொன்னேன். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், அவர்கள் பெயரைச் சொல்லிச் சாட்சிக்கு இழுத்தேன். குழாயடியில் நீ பிடித்துக் கொடுத்த தண்ணீரைச் சொன்னேன்.

அண்ணன் திரையருகே ஓடி வந்துவிட்டான். துணியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் எனக்குத் தெரிந்தன. "ஏ சபியா, வாய மூடு. போதும், எறங்கிப் போ" என்று கத்தினான். கத்தத்தான் முடிந்தது. இந்தப் பக்கம் முகம் திறந்த பெண்கள். உள்ளே காலை வைத்தால் அவன் போட்ட விதியை அவனே மிதித்தவனாவான். "உள்ள வாண்ணே, வந்து பேசு" என்றேன். விரல்கள் இறங்கிவிட்டன. அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். அம்மா போன நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்தது. நான் நல்லவள் இல்லை என்பாயா? சொல்லிக்கொள்.

பலகையில் உன் பெயர் இப்போது இல்லை. வகுப்பு அவன் கடை மாடிக்குப் போய்விட்டது, நாலைந்து பெண்கள் போகிறார்களாம். படிக்கட்டும். ஆனால் எல்லோரும் என் பக்கம் நிற்கிறார்கள் என்று நினைக்காதே. குளிப்பாட்டிய மய்யித்தின் ரகசியத்தை மைக்கில் சொன்னவள் என்று எனக்குப் பெயர். உனக்குப் பிறகு ஜுலைகா மாமி குளிப்பாட்டப் போகும்போதெல்லாம் என்னையும் கூப்பிடுவார். இப்போது கூப்பிடுவதில்லை. போன வாரம் அடுத்த தெருவில் ஒரு மவுத்து. நான் கை கால் கழுவிக்கொண்டு காத்திருந்தேன், ஆள் வரவில்லை. உயிரோடு காட்டியது வேறு, குளிப்பாட்டும்போது கண்டது வேறு என்று நான் பிரித்து வைத்த கணக்கை அல்லாஹ் ஒப்புக்கொள்வானா? தெரியவில்லை. இது மட்டும் எனக்கு வலிக்கிறது.

நஸ்ரின் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெடித்தாள். "எங்கிட்ட ஏம்மா சொல்லல? மாமா பெரிம்மாவ வெச்சு என்னை மூட வெச்சாரு. நீ அவங்கள வெச்சு என்னைத் தொறக்க வைக்கப் பாக்கற. செத்துப்போனவங்கள ஆளுக்கு ஒரு பக்கமா இழுக்கறீங்க." நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன். உனக்குப் பதில் வந்திருக்குமா? திங்கட்கிழமை காலையில் நிகாப்போடு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "காலேஜுக்குப் போறேன். இதோடதான் போறேன். கழட்டறதா வேணாவான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். உன் குரல் மாதிரியே இருந்தது. பயப்படாதே, அவளை நான் தொந்தரவு செய்ய மாட்டேன். கல்லூரி வாசலில் எவனாவது அதைக் கழற்றச் சொல்லித் தடுத்தால், அண்ணனுக்குக் கிடைத்தது அவனுக்கும் கிடைக்கும்.

நேற்று அண்ணன் வந்தான். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்றான். பாதி ஆளாகிவிட்டான் அக்கா. அழுதான். அன்றைக்கு உன் எதிரில் அழுத மாதிரி இல்லை, சத்தமே இல்லாமல். "ராபியாவுக்குப் பண்ணது பெரிய பாவம். அவ சார்பா நீ மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்குத் தூக்கமே வரல" என்றான்.

நான் அவனுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு மனுசனுக்குப் பண்ண அநியாயத்த அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அல்லாவே அதுல குறுக்க வரமாட்டான்னு நீதானண்ணே பயான் பேசும்போது சொல்லுவ. அக்காவோட ஹக்க, அவங்க உரிமைய, எடுத்துக் குடுக்க நான் யாரு? மறுமையில நேர்லயே பாத்துக் கேளு." கதவைச் சாத்திவிட்டேன்.

இதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். உன்னை எனக்குத் தெரியும். அவன் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் "அவன் அழறான்டி, விடு" என்று அங்கேயும் சொல்லிவிடுவாய். வேண்டாம் அக்கா. அவன் எனக்கு முன்னால் வந்தாலும், நான் வருகிற வரைக்கும் வாயைத் திறக்காதே, அவனைக் காக்க வை. நான் வந்து உன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அதற்கப்புறம் நீ மன்னித்தால் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன், இது சத்தியம். ஆனால் அவன் உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும், புருவத்தோடு இருக்கிற உன் முகத்தை.

உன் அளவுக்கு நல்லவளாக இருக்க ஒருநாளும் ஆசைப்படாத,
உன் தங்கச்சி
சபியா